ஏணிதான், ஏறவிடுங்கள்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி அண்ணாச்சி அவர்களே! என் அணித் தோழர்களே! கீழப்பாவூர் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே! இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற தம்பிமார்களே! வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்கிற அன்பு உள்ளங்களே!

"வளரும் கலைஞர்களுக்கு இணையம் ஏணியா, இடைஞ்சலா?" இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணாச்சி பதினைந்து நிமிஷம் பேசினார். இணையத்தால பிள்ளைங்க கெட்டுப்போச்சு, கலை கெட்டுப்போச்சு, கண்ணு கெட்டுப்போச்சுன்னாரு. பேசி முடிச்சு உட்கார்ந்த உடனே பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? "நம்ம பேச்சு யூடியூப்ல எப்பய்யா வரும்?" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அண்ணாச்சி, உங்க பேச்சை நாலு பேர் கேட்கணும்ங்கிற ஆசை உங்களுக்கு இருக்கு. தப்பே இல்லை. அதே ஆசை இந்த ஊர்ல உடுக்கை அடிக்கிற பையனுக்கும், கோலமாவைக் கையில எடுத்தா சித்திரமே போட்டுடுற பிள்ளைக்கும் இருக்கக்கூடாதா? அதைத்தான் நான் கேட்கிறேன்.

நடுவர் அவர்களே, ஒரு கலைஞன் வளரணும்னா மூணு வேணும். முதல்ல, நல்லதைக் கேட்கணும், பார்க்கணும். ரெண்டாவது, பழகணும். மூணாவது, நாலு பேர் முன்னால நிற்கணும். கேள்வி, பயிற்சி, சபை. இந்த மூணுக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அன்னிக்கு என்ன பாடு பட்டாங்க, இன்னிக்கு என்ன நடக்குதுன்னு சொன்னாலே போதும். தீர்ப்பு தானா வந்துரும்.

இங்கேயிருந்து தென்காசி, தென்காசிக்கு அடுத்தாப்ல செங்கோட்டை. அந்தச் செங்கோட்டையில 1906-ல பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. மைக்கே இல்லாத காலத்துல கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடிய குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எப்படி வளர்ந்தார்? விவரம் தெரியாத வயசுலேயே வீட்டை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனார். ஊர் ஊராகச் சுற்றினார். கடல் தாண்டி இலங்கை வரைக்கும் போனார். 1933-ல, 27 வயசுல, காலமாகிவிட்டார். அந்தக் காலத்துல பாட்டு வேணும்னா வீட்டை விடணும். இதுதான் விலை.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல காருக்குறிச்சி. நாதஸ்வர மேதை அருணாசலம் பிறந்த ஊர். அவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். தாமிரபரணிக் கரையிலிருந்து காவிரிக்கரை வரைக்கும் போய், கூடவே இருந்து, கூடவே வாசிச்சு வளர்ந்தவர்.

வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம் ஐயா. 1928-ல நெல்லைப் பக்கம் சத்திரப்புதுக்குளத்தில் பிறந்தவர். 2021-ல பத்மஸ்ரீ வாங்கினார், 2022-ல மறைந்தார். அவர் சென்னைக்குப் போனது எப்படி? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கண்ணுல பட்டார். கலைவாணர் அழைச்சுக்கிட்டுப் போனார்.

மூணு பேருமே நம்ம பக்கத்து மாணிக்கங்கள். நான் கேட்கிறேன் நடுவர் அவர்களே, கலைவாணர் கண்ணுல படாதவன் கதி என்ன? நாடகக் கம்பெனிக்குப் பிள்ளையை அனுப்ப மனசு வராத தாயோட மகன் கதி என்ன? ஆம்பளைப் பிள்ளைக்கே இந்தப் பாடுன்னா, பாட்டுல ஆசைப்பட்ட பொம்பளைப் பிள்ளையோட கதி என்ன? ஜெயிச்சு வந்த மூணு பேரோட பேரு நமக்குத் தெரியுது. வழி தெரியாம வயக்காட்டுலேயே பாடி முடிச்சவங்க பேரு எந்தப் புத்தகத்துல இருக்கு? (கைதட்டல்)

அப்புறம் ரேடியோ வந்தது. 1963-ல திருநெல்வேலிக்கே வானொலி நிலையம் வந்தது. நல்ல காரியம். நம்ம வில்லுப்பாட்டெல்லாம் காத்துல வந்தது. ஆனா குரல் தேர்வு உண்டு, தரம் பிரிப்பு உண்டு, கிடைக்கிற நேரம் கொஞ்சம். வாசல் திறந்துதான் இருந்தது. ஆனா ஒரே வாசல். வரிசையோ ரொம்பப் பெரிசு.

இணையம் இந்தியாவுல பொதுமக்களுக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 15. சுதந்திர தினத்தன்னிக்கு வந்தது. ஆனா அந்தச் சுதந்திரம் சென்னை மாதிரி பெரிய பட்டணங்களுக்குத்தான் முதல்ல கிடைச்சது. கீழப்பாவூருக்கு வரவே ரொம்ப வருஷம் ஆச்சு. வந்த பிறகும் விலை? தொலைத்தொடர்பு ஆணையம் சொன்ன கணக்கு: 2014-ல ஒரு ஜிபிக்கு சராசரியா சுமார் 269 ரூபாய். நாட்கூலி வாங்குகிற வீட்டுல யார் 269 ரூபாயைப் போட்டுப் பாட்டு கேட்பா? 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தது, போட்டி வந்தது. 2018-ல அதே ஒரு ஜிபி 12 ரூபாய்க்கும் கீழே இறங்கிடுச்சு. கலைக்கு இதுல என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. கோயில் கதவு திறந்திருக்கு, உள்ளே போக 269 ரூபாய்னா எத்தனை பேர் போவாங்க? 12 ரூபாய்னா எத்தனை பேர் போவாங்க? அவ்வளவுதான் சம்பந்தம்.

இப்ப என்ன நடக்குது? முன்னாடி வில்லுப்பாட்டு கேட்கணும்னா கொடைக்குக் காத்துக் கிடக்கணும். அன்னிக்கு ராத்திரி தூங்கிட்டோம்னா அடுத்த வருஷக் கொடைதான். இன்னிக்கு நம்ம ஊர் ஆச்சி பீடித்தட்டை மடியில வச்சுக்கிட்டு, போனைச் செவுத்துல சாய்ச்சு வச்சு, முத்துப்பட்டன் கதையை முழுசா கேட்குறாங்க. இலை வெட்டுறதும் நிற்கலை, கதையும் நிற்கலை. (சிரிப்பு) பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பேத்தி அதே கதையை நாலு புலவர்கள் நாலு விதமாச் சொல்றதைக் கேட்குறா. யார் எங்க இழுக்கிறாங்க, யார் எங்க நிறுத்துறாங்க, "ஆமா" போடுறவர் எந்த இடத்துல போடுறாருன்னு ஒப்பிட்டுப் பார்க்குறா. இந்த ஒப்பிடுற ஞானம் முன்னாடி யாருக்கு இருந்தது? நாலு ஊர் கொடைக்கும் போக முடிஞ்ச ஆம்பளைகளுக்கு மட்டும் இருந்தது!

சித்திரம் வரைகிற பிள்ளைக்கு இங்கேயிருந்து பஸ் ஏறினா குற்றாலத்துச் சித்திர சபை இருக்கு. நடராஜப் பெருமான் சித்திரமாகவே இருக்கிற சபை. சுவர் முழுக்க ஓவியம். அது நம்ம கொடுப்பினை. ஆனா அஜந்தாவுக்கு யார் கூட்டிட்டுப் போறது? பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு யார் டிக்கெட் எடுக்கிறது? அந்த லூவர்க்காரங்களே 2021 மார்ச்ல 4,80,000 கலைப்பொருட்களுக்கு மேல இணையத்துல இலவசமாப் பார்க்க வச்சுட்டாங்க. மாசம் ஒரு தடவை டவுனுக்குப் போக அனுமதி வாங்கவே மூணு நாள் கெஞ்சுற பிள்ளை, வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து லூவரைப் பார்க்கலாம். இது இடைஞ்சலா, ஏணியா?

நடுவர்: ஏம்மா, அப்ப போனைப் பார்த்தே எல்லாம் படிச்சிரலாம், குருவே வேண்டாம்கிறியா?

ஐயா, நல்ல இடத்துல பிடிச்சீங்க. (சிரிப்பு) குரு வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. வில்லடிக்கிறப்ப வீசுகோல் எந்தச் சாய்வுல விழணும், குடத்து வாயில பத்தி எவ்வளவு அழுத்தி அடிக்கணும்னு போன் கையைப் பிடிச்சுச் சொல்லித்தராது. தப்புப் பண்ணினா முறைக்கவும் தெரியாது, சரியாச் செஞ்சா முதுகுல தட்டவும் தெரியாது. அதுக்கு மனுஷன்தான் வேணும். ஆனா குரு இருக்கிற நேரம் எவ்வளவு? வாரத்துல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். மிச்ச நேரம்? குரு பாடினதைப் பதிவு பண்ணி வச்சுக்கலாம். வேகத்தைப் பாதியாக் குறைச்சுக் கேட்கலாம். நூறு தடவை திருப்பிக் கேட்கலாம். எந்த குருவாவது நூறு தடவை கேட்டா சும்மா இருப்பாரா? தாளத்தைத் தூக்கி எறிஞ்சிருவாரு! (சிரிப்பு)

இன்னொண்ணு. நாம பாடினதை நாமளே பதிவு பண்ணிக் கேட்குறோமே, அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் உலகத்துல கிடையாது. பாடும்போது கந்தர்வ கானமா இருக்கும். திருப்பிப் போட்டுக் கேட்டா கதவு கிரீச்சிடுற மாதிரி இருக்கும். அந்த வெட்கத்துலதான் வளர்ச்சி ஆரம்பிக்குது.

குரு தூரத்துல இருந்தாலும் இன்னிக்கு வகுப்பு நடக்குது. 2003-ல ஸ்கைப்புன்னு ஒண்ணு வந்தது. சென்னையில இருக்கிற பாட்டு வாத்தியார் டொரண்டோவுல இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கும், சிங்கப்பூர்ல இருக்கிற பிள்ளைக்கும் அதுலதான் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தார். 2025-ல அந்த ஸ்கைப்பையே மூடிட்டாங்க. ஆனா பாட்டு வகுப்பு மூடலை. வேற வழியில நடந்துக்கிட்டே இருக்கு. டொரண்டோ பிள்ளை சென்னை வாத்தியார்கிட்ட படிக்கலாம்னா, கீழப்பாவூர்ப் பிள்ளை படிக்கக்கூடாதா? நம்ம பக்கத்துல மத்தளம்பாறைன்னு ஒரு ஊர். பேருதான் மத்தளம். கேட்கிறது கம்ப்யூட்டர் சத்தம்! (சிரிப்பு) 2011-லிருந்து அங்க உட்கார்ந்தே நம்ம பிள்ளைகள் ஜோஹோவுல உலகத்துக்கே மென்பொருள் செய்றாங்க. ஊரை விடாம வேலை பார்க்கலாம்னு ஆயிடுச்சு. ஊரை விடாம கலை வளர்க்கலாம்னு ஆகக்கூடாதா?

மூணாவது, சபை. நடுவர் அவர்களே, முன்னாடி வில்லுக்கு முன்னால உட்கார்ந்தவங்க பெரும்பாலும் ஆம்பளைகள். இன்னிக்கு நம்ம தென்காசி மாவட்டத்து அச்சங்குட்டம் மாதவி வில்லிசையை யூடியூப்ல கேட்காத தெரு நம்ம பக்கம் எத்தனை இருக்கும்? ஒரு இளம்பெண் வில்லடிச்சுக் கதை சொல்றா. துபாய்ல வேலை பார்க்கிற நம்ம ஊர்க்காரன் அறையில உட்கார்ந்து கேட்குறான். அதைப் பார்க்கிற இன்னொரு சின்னப் பிள்ளை மனசுல என்ன தோணும்? "அக்கா அடிக்கிறா, நானும் அடிக்கலாம்." இந்த ஒரு வரி தைரியத்தை நூறு புத்தகம் கொடுக்காது. (பலத்த கைதட்டல்)

2020 மார்ச் 25. ஊரடங்கு. பங்குனி, சித்திரை, கோயில் கொடைக் காலம். ஒரு வருஷச் சோத்தை அந்த ரெண்டு மூணு மாசத்துல சம்பாதிக்கிற கலைஞர்கள். கரகம், நையாண்டி மேளம், வில்லு, கணியான் கூத்து. எல்லாம் நின்னுபோச்சு. பந்தல் இல்லை, முன்பணம் இல்லை. இணையம் அவங்களுக்குச் சோறு போட்டுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். போடலை. ஆனா வீட்டு முற்றத்துல நின்னு பாடி அனுப்பினவங்க பாட்டு ஊரைத் தாண்டிப் போச்சு. மேடை பூட்டியிருந்த காலத்துல, "நாங்க இருக்கோம்"னு சொல்றதுக்கு இருந்த ஒரே சன்னல் அதுதான்.

இப்ப எதிரணி கேட்ட மூணு கேள்விக்கு வர்றேன். நியாயமான கேள்விகள். ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன்.

முதல் கேள்வி. "ராத்திரி முழுக்கப் பாடுற வில்லுப்பாட்டை ஒரு நிமிஷ ரீல்ஸ் ஆக்கிட்டாங்களே?" உண்மைதான். ஆனா அண்ணாச்சி, கடைத்தெருவுல அல்வாவைக் கொஞ்சம் இலையில வச்சுக் கையில கொடுப்பாங்க. அதுவே விருந்துன்னு யாரும் நினைக்கிறதில்லை. ருசி பிடிச்சுப்போய்க் கால் கிலோ வாங்குவோம். ஒரு நிமிஷம் ருசி காட்டும். முழுக் கதையும் அதே இடத்துலதான் இருக்கு. தேடிப் போகாதது நம்ம குத்தமா, அல்வா குத்தமா? (சிரிப்பு)

ரெண்டாவது கேள்வி. "கலைஞன் பாடுறான், வேற எவனோ படம் பிடிச்சுப் போட்டு அவன் பேர் வாங்குறானே?" இது வலிக்கிற கேள்வி. 2021 மார்ச்ல "என்ஜாய் எஞ்சாமி"ன்னு ஒரு பாட்டு வந்தது. அரக்கோணத்துத் தம்பி அறிவு, தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டியோட வாழ்க்கையிலிருந்து எடுத்த பாட்டு. உலகமே கேட்டது. அந்த ஆகஸ்ட் மாசம் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அந்தப் பாட்டின் பெருமையைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. அட்டையில அறிவு இல்லை! அச்சுக் காலமா இருந்தா என்ன ஆகியிருக்கும்? வாசகர் கடிதம் ஒண்ணு போயிருக்கும், அது குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். ஆனா இயக்குநர் பா. ரஞ்சித் இணையத்துல பகிரங்கமாக் கேட்டார். ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து கேட்டாங்க. கொஞ்ச நாள்ல அதே பத்திரிகை அறிவு படத்தோட இணைய அட்டை ஒண்ணு வெளியிட்டது. விட்டுப்போன பேரை நாலு பேர் கேட்க முடிஞ்சுது பாருங்க, அந்தச் சபையும் இணையம்தான்! (கைதட்டல்)

அதோட ஒரு செய்தி. தாய்மார்கள் மனசுல வச்சுக்கணும். நம்ம காப்புரிமைச் சட்டத்துல 2012-ல ஒரு திருத்தம் வந்தது. 38பி பிரிவு. பாடினவர், ஆடினவர், வாசிச்சவர், "இது என் நிகழ்ச்சி, என் பேரைப் போடு"ன்னு கேட்க உரிமை உண்டு. கொடையில போனைத் தூக்கிப் படம் பிடிக்கிற தம்பிமார்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். படம் பிடிங்க, போடுங்க. ஆனா கலைஞர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. புலவர் பேரு, குடம் அடிச்சவர் பேரு, உடுக்கை அடிச்சவர் பேரு, எந்த ஊருன்னு எழுதுங்க. அடுத்த ஊர்க்காரன் அதைப் பார்த்துத்தான் முன்பணம் கொடுப்பான். நீங்க எழுதுற அந்த ஒரு வரி ஒரு வீட்டுல உலை கொதிக்க வைக்கும்.

மூணாவது கேள்வி. "இணையம் அடுத்தவன் சொத்து, நாளைக்கு மூடினா என்ன செய்வே?" மூடினாங்க! 2020 ஜூன் 29, டிக்டாக்கைத் தடை செஞ்சாங்க. அதை மட்டுமே நம்பியிருந்தவங்க சேர்த்து வச்ச கூட்டம் ஒரே ராத்திரியில கலைஞ்சுபோச்சு. ஒத்துக்கிறேன். ஆனா அண்ணாச்சி, நான் என்ன சொன்னேன்? ஏணின்னு சொன்னேன். வீடுன்னு சொல்லலை. ஏணி ஏறுறதுக்கு. ஏணி மேலேயே பாயை விரிச்சுப் படுத்தா விழத்தான் செய்வோம். (பலத்த சிரிப்பு) ஏறிப் போய்ச் சேர வேண்டிய இடம் கொடை மேடை, சபை, ஊர். அரங்குல பத்து பேர் முகத்தைப் பார்த்துப் பாடத் தெரியாதவன் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் கலைஞன் இல்லை. அது ஏணியோட குறை இல்லை, ஏறினவன் மறந்த பாடம்.

நடுவர் அவர்களே, நீங்க மணியடிக்கப் போறீங்கன்னு தெரியுது. கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன்.

ஏணி இருக்கு. ஏற யாரை விடுறோம்? 2019–21-ல நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு கணக்குச் சொல்லுது. இந்தியாவுல 15-லிருந்து 49 வயசுக்குள்ள, இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தின ஆண்கள் நூத்துக்கு 57. பெண்கள் 33. மிச்சம் 67 பெண்கள் அந்த வாசலையே பார்க்கலை.

ஏன்? நம்ம வீட்டுக்கே வாங்க. வீட்டுல ஒரு போன். காலையில அப்பா கையில. பாவூர்சத்திரம் சந்தையில கத்தரிக்கா என்ன விலைன்னு கேட்கணும், நியாயம். மத்தியானம் அம்மா கையில. சாயந்திரம் அண்ணன் கையில. அவன் துப்பாக்கி சுடுறான், சுடுறான், சுட்டுக்கிட்டே இருக்கான். யாரைச் சுடுறான்னு அவனுக்கும் தெரியாது! (சிரிப்பு) ராத்திரி பத்து மணிக்குப் பொம்பளைப் பிள்ளை கைக்கு வரும். சார்ஜ் மூணு சதம். அன்னிக்கு நெட்டும் தீர்ந்துபோயிருக்கும். ஒரு பாட்டைப் போட்டா உடனே, "பொட்டப்பிள்ளைக்கு ராத்திரி என்ன போனு?" இதே கேள்வியை அண்ணன்கிட்ட யாராவது கேட்டோமா? (பலத்த கைதட்டல்)

கெட்டதும் இருக்கு, தெரியும். பாட்டைப் போட்ட பிள்ளைக்கு அசிங்கமா எழுதுற அயோக்கியனும் அதுக்குள்ள இருக்கான். அதுக்காகப் பிள்ளைகிட்டேயிருந்து போனைப் பிடுங்குறது தீர்வா? தெருவுல நாய் இருக்குன்னு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாம இருக்கோமா? கூட நடந்து போறோம்ல? அதே மாதிரி கூட உட்காருங்க. தகப்பனும் மகளும் சேர்ந்து பாருங்க. கெட்டதை எப்படி விலக்குறதுன்னு சொல்லிக் கொடுங்க. பிள்ளை பாடினதை அண்ணன் பதிவு பண்ணிக் கொடுக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், "இது உன் பாட்டுக்கான நேரம், யாரும் போனைக் கேட்க மாட்டோம்"னு சொல்லிப் பாருங்க. அந்தப் பிள்ளை எல்லாரும் மெச்சுற கலைஞி ஆகணும்னு இல்லை. தனக்குள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்.

குடத்துக்குள்ள வச்ச விளக்கு எரியத்தான் செய்யும். ஆனா குடத்துக்கு மட்டும்தான் வெளிச்சம். எத்தனையோ தலைமுறையா நம்ம வீட்டுப் பெண்களோட பாட்டு அடுப்படியிலேயே எரிஞ்சு அணைஞ்சது. நம்ம ஆச்சிகள் தாலாட்டுல இல்லாத கவிதையா, ஒப்பாரியில இல்லாத ராகமா? அதைக் கேட்டது யாரு? தொட்டில்ல கிடந்த குழந்தையும், பாடையில கிடந்த பிணமும்தான்! (அமைதி, பின் நீண்ட கைதட்டல்)

அந்த நிலைமையை மாத்துறதுக்கு ஒரு ஏணி நம்ம வீட்டு வாசல்ல வந்து நிற்குது. அதுல படி கொஞ்சம் ஆடும், ஆணி கொஞ்சம் குத்தும். பிடிச்சுக்க நாம இருக்கோம். ஆகவே நடுவர் அவர்களே, வளரும் கலைஞர்களுக்கு இணையம் ஏணியே, ஏணியே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும். வழங்குகையில், அந்த ஏணியில் பெண் பிள்ளைகளையும் ஏறவிடுங்கள் என்று இந்த ஊருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.